அம்மாவை எந்த நாட்டுக்குக் கூப்பிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. அப்பா போன வருடம் காலமாகிவிட்டார். 74 வயது அம்மா, ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட்ஸில் தனியே இருக்கிறார். நீங்கள் ரொறன்ரோவில், தம்பி லண்டனில், தங்கச்சி மெல்பேர்ணில். மூத்த அண்ணா 2009 இல் காணாமல் போனவர். "எந்த நாட்டு விசா லேசு? பிளட்ஸை இப்பவே வித்துவிடலாமா?" என்று முடித்துவிட்டு, "மூன்று வருடத்தில் நானும் இவரும் வேலையை விடுகிறோம்" என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. அதற்குக் கடைசியில் வருகிறேன். எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தால் கேள்வி ஒன்றுதான்: அம்மா தன் மிச்சக் காலத்தைப் பிள்ளைகளில் ஒருவரோடு ஒரே வீட்டில் கழிக்கச் சட்டம் எங்கே இடம் விடுகிறது?

நான் சட்டத்தரணி அல்ல. கொழும்பில் 26 வருடமாகச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிள்ளைகளிடம் போகிற தாய் தகப்பன்மாரின் பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள் என் மேசையால்தான் போகும். மறுத்து வருகிற கடிதங்களும் என்னிடம் வரும், அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. ஆகவே விதிகள் என்ன, எந்த இடத்தில் ஆட்கள் இடறுகிறார்கள் என்பது தெரியும். உங்கள் வருமானக் கணக்கையும் அம்மாவின் வைத்திய அறிக்கையையும் பார்க்காமல் "கட்டாயம் கிடைக்கும்" என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லுகிற ஏஜென்சிக்காரரிடம் காசு கட்டவும் வேண்டாம்.

என் அபிப்பிராயத்தை முதலே வைத்துவிடுகிறேன். நிரந்தரமாகக் கூப்பிடும் கதவு மூன்று நாட்டிலும் உங்களுக்கு ஏறக்குறையப் பூட்டுத்தான். தற்காலிகக் கதவு கனடாவில் நன்றாகத் திறந்திருக்கிறது. அந்தக் கதவால் போவதற்கு வெள்ளவத்தை பிளட்ஸ் கையில் இருக்க வேண்டும். விற்காதீர்கள்.

தங்கச்சி இருக்கிற அவுஸ்திரேலியாவிலிருந்து தொடங்குகிறேன், காலநிலை ஒத்துவரும் என்று எல்லாரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். அங்கே நிரந்தரப் பெற்றோர் விசாவுக்குக் குடும்பச் சமநிலைச் சோதனை என்று ஒன்று உண்டு. பெற்ற பிள்ளைகளை எண்ணுவார்கள். அவர்களில் பாதிப் பேராவது அவுஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், வேறு எந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிடக் கூடுதலான பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் நாலு நாட்டுக்கு ஒவ்வொருவர். நாலாவது நாடு எது என்று யோசிப்பீர்கள். இலங்கை. இருக்கும் இடம் தெரியாத பிள்ளை, கடைசியாக வழமையாக வசித்த நாட்டிலேயே இன்னமும் வசிப்பதாக அந்த விதி கணக்கெடுக்கும். எங்கள் ஆட்களின் கோவைகளில் இந்த ஒரு வரி எத்தனை வீட்டை உலுப்பியிருக்கிறது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா வந்திருந்தார். மகள் மெல்பேர்ணில், மூத்த மகன் வவுனியாவில், இளையவன் வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவன். மூன்றில் ஒன்று, சோதனை தவறும். இளையவனின் மரணத்தைப் பதிந்தால் இரண்டில் ஒன்று, பாதி, தேறும். இறந்த பிள்ளையை அங்கே எண்ண மாட்டார்கள். காணாமல் போனவரின் மரணத்தைப் பதிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2016 இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்கிற இன்னொரு சான்றிதழையும் கொண்டுவந்தார்கள். அந்த அம்மாவின் கைப்பையில் இரண்டாவது சான்றிதழ் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. மகள் தொலைபேசியில் சொன்னபடி மரணப் பதிவுப் படிவத்தை நான் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிறகு மடிக்காமல் என் பக்கம் தள்ளிவிட்டார். "இவனை எழுதிக் குடுத்துப்போட்டு நான் அங்க போய் என்ன செய்யிறது தம்பி" என்றார். இப்போதும் வவுனியாவில்தான் இருக்கிறார்.

உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் அண்ணாவை எண்ணினாலும் தவறும், எண்ணாவிட்டாலும் தவறும். மிச்சம் மூன்று பேரில் தங்கச்சி ஒருவர், அது பாதியும் இல்லை, மற்ற நாடுகளைவிடக் கூடவும் இல்லை. ஆகவே "மரணச் சான்றிதழ் எடுத்தால் அலுவல் சரி" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அம்மாவின் காது வரைக்கும் கொண்டுபோகாதீர்கள். காசு கூடக் கட்டுகிற பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கும் இதே சோதனைதான். ஓர் ஆளுக்கு 40,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் கட்டத் தயாராக இருந்தாலும் எண்ணிக்கை தேறாது. தேறுகிறவர்களுக்கும் காத்திருப்புப் பத்து வருடத்தைத் தாண்டும். காசு குறைந்த சாதாரணப் பெற்றோர் விசாவுக்கு 30 வருடத்துக்கு மேல் என்று அந்த நாட்டுத் திணைக்களமே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. 74 வயது ஆளுக்கு அதை வாசித்துக் காட்ட எனக்கு வாய் வராது.

தங்கச்சிக்கு ஒரு வழி இருக்கிறது. 2019 ஏப்ரலில் தொடங்கிய 870 என்கிற தற்காலிகப் பெற்றோர் விசாவுக்குப் பிள்ளைகளை எண்ணுவதில்லை. மூன்று வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ கொடுப்பார்கள், எல்லாம் சேர்த்துப் பத்து வருடத்துக்கு மேல் இல்லை. கட்டணம் 5,000, 10,000 டொலராகத் தொடங்கி வருடாவருடம் ஏறி வருகிறது, கட்டுகிற அன்று பார்த்துக் கட்டுங்கள். முதலில் தங்கச்சி பொறுப்பாளராக அனுமதி பெற வேண்டும், அதற்கு வருமானம் காட்ட வேண்டும். மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும், அவுஸ்திரேலியாவின் அரச மருத்துவத்தில் இலங்கையருக்கு ஒப்பந்தச் சலுகை எதுவும் இல்லை.

லண்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், அங்கே இருப்பது அவ்வளவுதான். 2012 ஜூலை 9 க்கு முன் 65 வயது தாண்டி, பிள்ளையின் காசில் வாழ்கிற பெற்றோர் போய்ச் சேர்ந்தார்கள். தம்பியின் கூட்டாளிகள் "என்ர அம்மா வந்தவதானே" என்று சொல்வது அந்தக் காலத்துக் கதை. இப்போதைய விதிப்படி, வயதாலோ வருத்தத்தாலோ குளிக்க, உடுக்க, சமைக்கப் பிறர் கை நீண்டகாலத்துக்கு வேண்டும் என்று காட்ட வேண்டும். அது முதல் பாதி. பிள்ளை காசு அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு இங்கே கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாது என்பதையும் காட்ட வேண்டும். உங்கள் அம்மா தானே இறங்கிச் சந்தைக்குப் போய் மீன் வாங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே முதல் பாதியிலேயே முடிந்தது. நாளைக்குப் படுக்கையில் விழுந்தால்? அப்போது கொழும்பில் ஹோம் நேர்ஸ் கிடைக்கும், தம்பியின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் என்று எழுதி மறுப்பார்கள். நல்ல மகன் ஒழுங்காகக் காசு அனுப்பிய பற்றுச்சீட்டே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும். நான் வாசித்துக் கொடுத்த மறுப்புக் கடிதங்களில் அரைவாசிக்கு மேல் இந்த நியாயம்தான்.

இந்த விதியை நீதிமன்றத்தில் எதிர்த்தும் பார்த்தார்கள். 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விதி சரி என்று வைத்துவிட்டது. ஆனாலும் உடம்புத் தேவையோடு மனத் தேவையையும் வைத்திய அறிக்கையின் பலத்தில் பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் ஓர் இடம் இருக்கிறது. தனிமையாக இருக்கிறார் என்று பிள்ளை எழுதுகிற கடிதம் அதற்குப் போதாது. மனநல வைத்திய நிபுணர் ஒருவர், எந்தப் பராமரிப்பு வேண்டும், கூலிக்கு வருகிற ஆளால் அதை ஏன் கொடுக்க முடியாது என்று காரணத்தோடு எழுத வேண்டும். அப்படி எழுதி வென்றவர்கள் உண்டு, ஆனால் இது நிச்சயமில்லாத பாதை. கட்டணம் 3,000 பவுணுக்கு மேல், தோற்றால் திரும்பி வராது. விண்ணப்பத்தையும் பிரித்தானியாவுக்கு வெளியே இருந்துதான் போட வேண்டும். "விசிட்டில் வந்து இங்கேயே மாற்றலாம்" என்று தம்பியிடம் யாரும் சொல்லியிருந்தால் அது பிழை. அவர் ஆறு மாதம் விருந்தாளியாகக் கூப்பிட்டு வைத்திருக்கலாம். பத்து வருட விசா கிடைத்தாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான்.

இனி உங்கள் கனடா. பெற்றோரை நிரந்தர வதிவிடத்துக்குக் கூப்பிடும் திட்டத்துக்கு 2020 இல் ஒக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவம் வாங்கினார்கள். அதன்பின் 2025 வரை அந்தக் குவியலில் இருந்தே பெயர் எடுத்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அப்போது போட்டீர்களா? போட்டிருந்தால் அந்த உறுதிப்படுத்தல் இலக்கத்தைத் தேடி எடுங்கள். போடாவிட்டால் அந்தக் குலுக்கலில் உங்கள் பெயர் இல்லை. பெயர் விழுந்தாலும் மூன்று வரி வருடத்துக்கு வருமானம் காட்ட வேண்டும். அத்தோடு கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் 20 வருடப் பொறுப்பேற்பில் கையெழுத்து வைக்க வேண்டும். வேலை போனாலும் கலியாணம் முறிந்தாலும் அந்தக் கையெழுத்து அழியாது. உங்கள் கணவரும் சேர்ந்து ஒப்பமிடுவதாக இருந்தால் இதை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது சூப்பர் விசா. 2011 டிசம்பரில் வந்தது. பத்து வருடம் வரை செல்லுபடியாகும், பலமுறை போய்வரலாம். 2022 ஜூலை 4 இலிருந்து ஒரு தடவை நுழைந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம், அங்கிருந்தே நீடிக்கவும் கேட்கலாம். நீங்கள் காட்ட வேண்டியது குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ற குறைந்தபட்ச வருமானம், அந்த எண்ணிக்கையில் அம்மாவையும் சேர்க்க வேண்டும். அம்மா வைத்தியப் பரிசோதனை செய்ய வேண்டும். குறைந்தது 100,000 கனேடிய டொலருக்கு, ஒரு வருடத்துக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். விலைப்பத்திரம் காட்டினால் போதாது, காசு கட்டிய பொலிஸி காட்ட வேண்டும்.

அந்தக் காப்புறுதியில் எங்கள் ஆட்கள் விழுகிற கிடங்கு ஒன்று இருக்கிறது. சீனி, பிரஷர் உள்ளவர்களுக்கு, வருத்தம் குறிப்பிட்ட காலம் நிலையாக இருந்திருந்தால்தான் அந்த வருத்தத்துக்குக் காசு தருவோம் என்று பொலிஸியில் போட்டிருப்பார்கள். பல பொலிஸிகளில் அது 90 நாள், 180 நாள் என்று வரும். நிலையாக என்றால் குளிசையின் அளவுகூட மாறியிருக்கக் கூடாது. கொழும்பில் பயணத்துக்கு முன் "ஒருக்கா டொக்டரிடம் காட்டிவிட்டுப் போவம்" என்று போவார்கள். அவர் 5 மில்லிகிராமை 10 ஆக்கி எழுதுவார். அங்கே போய் மூன்றாம் கிழமை நெஞ்சுநோ வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அந்தத் துண்டைத்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி ஓர் ஆஸ்பத்திரி பில்லை இன்னும் மாதாமாதம் கட்டுகிறது. அதனால் கிளினிக் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து மாறினால் பயணத்தைத் தள்ளுங்கள்.

பிளட்ஸ் இங்கேதான் வருகிறது. சூப்பர் விசா தற்காலிக விசா. காலம் முடிய அம்மா நாடு திரும்புவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். எழுதப்பட்ட நிபந்தனைகள் எல்லாம் கையில் இருந்தும் மறுப்பு வருவது இந்த இடத்தில்தான், இதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில், கணவன் இல்லை, வீட்டை வேறு விற்றாயிற்று என்றால் அவர் திரும்பி எங்கே போவார்? தன் பெயரில் உறுதி உள்ள பிளட்ஸ், மாதாமாதம் வங்கிக்கு வரும் ஆசிரியர் ஓய்வூதியம், இந்த இரண்டும் அம்மாவின் சொந்தப் பலம். ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், வெளிநாட்டில் இருந்தால் இலங்கைத் தூதரகம் ஊடாகச் செய்யலாம். அதைத் தவறவிட்டு ஓய்வூதியம் நின்றுபோய், பிறகு பிள்ளைகள் ஓடித் திரிந்ததைக் கண்டிருக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சூப்பர் விசாவில் மாகாண மருத்துவம் இல்லை, வேலை செய்ய முடியாது, ஒவ்வொரு வருடமும் காப்புறுதி விலை ஏறும். 80 தாண்டிய பிறகு சில நிறுவனங்கள் கேள்விகளைக் கூட்டும். பெப்ரவரியில் ஸ்காபரோ வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு யன்னலால் பனி பார்க்கிற வாழ்க்கையைப் பற்றி அம்மாமார் என்னிடம் சொல்வது பிள்ளைகளிடம் சொல்வதைவிட வித்தியாசமாக இருக்கும். முதல் தடவை ஐந்து வருடம் என்று போகாமல் மே மாதம் போய் ஒக்டோபரில் வரட்டும்.

இனி, நீங்கள் வேலையை விடுகிற அந்தக் கடைசி வரி. அதன்பிறகு நீங்களே இங்கே அம்மாவிடம் வந்து இருக்கலாமே. நீங்கள் இங்கே பிறந்து கனேடியக் குடியுரிமை எடுத்தவர். உங்கள் கணவர் சென்னையில் பிறந்த கனேடியர் என்கிறீர்கள். கனேடியக் குடியுரிமை எடுத்ததும் உங்கள் இலங்கைக் குடியுரிமை சட்டப்படி போய்விட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில் 1987 இல் கொண்டுவந்த திருத்தத்தால் 19(2) பிரிவின் கீழ் அதைத் திரும்பக் கேட்கலாம். 55 வயது தாண்டியிருப்பதே தகுதிகளில் ஒன்று. கிடைத்தால் நீங்கள் இலங்கைப் பிரஜை, எத்தனை வருடமும் இருக்கலாம், வீசாக் கணக்கே இல்லை. உங்கள் கணவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. அவர் இலங்கைப் பிரஜையின் துணைவர் என்ற முறையில் வதிவிட வீசா எடுத்து, காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் உங்கள் இரட்டைக் குடியுரிமை, பிறகு அவருடைய வீசா. பத்தரமுல்லையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு இரண்டு பேரும் ஒரே நாளில் கோவையோடு வந்து நின்றால் அவரைத் திருப்பி அனுப்புவார்கள்.

இரட்டைக் குடியுரிமை வேண்டாம் என்றால் ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கான 'மை ட்ரீம் ஹோம்' வீசா இருக்கிறது. 55 வயது தாண்டியவருக்கு, 15,000 அமெரிக்க டொலர் வைப்பு, மாதம் 1,500 டொலர் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், துணைவருக்கு மேலும் 750. இரண்டு வருடத்துக்குக் கொடுத்துப் புதுப்பிப்பார்கள். வெள்ளைக்காரர் தென்கரையில் வீடெடுத்து இருப்பதற்கு ஏற்ற வீசா இது. இங்கே பிறந்த உங்களுக்கு இதில் போவதில் நான் நியாயம் காணவில்லை.

நீங்கள் இங்கே வருவதற்கும் அங்கே ஒரு விலை உண்டு. ஒன்ராறியோ மருத்துவ அட்டை தங்க வேண்டுமானால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். அதாவது வருடத்தில் ஏழு மாதம் வெள்ளவத்தையில் இருந்துவிட்டு ஐந்து மாதம் அங்கே போய் இருந்தால் அட்டை தப்பும். முதியோர் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து பெறுவதற்கு, 18 வயதுக்குப் பிறகு 20 வருடமாவது கனடாவில் வசித்திருக்க வேண்டும். நீங்கள் 1996 இல் போனதாக எழுதியிருப்பதால் அதில் சிக்கல் இல்லை. கணவர் எப்போது போனார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆக, மூன்று வருடத்துக்கு அம்மா சூப்பர் விசாவில் கோடைக்கு வந்து போவார், அதற்குள் உங்கள் 19(2) அலுவலை முடித்துக்கொள்ளலாம். நீங்கள் வேலையை விட்ட பிறகு, மே முதல் ஒக்டோபர் வரை அம்மா அங்கே, மிச்ச மாதம் நீங்கள் இங்கே என்று காலண்டரை மடித்தால், வருடம் முழுக்க ஒரே வீட்டில் இருக்கலாம். தங்கச்சியும் தம்பியும் விருந்தாளி விசாவுக்குக் காசு கட்டட்டும், அல்லது ஹோம் நேர்ஸுக்கும் லிப்ட் பராமரிப்புக்கும் கட்டட்டும். மூன்றாம் மாடியில் லிப்ட் நின்றால் அம்மா வீட்டுக்குள்ளேயே அடைபடுவார்.

இப்போதே செய்ய வேண்டியது அம்மாவின் பத்திரங்கள். நீங்கள் அனுப்பிய விபரத்தில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் அவர் பெயர் 'பாக்கியம்', கடவுச்சீட்டில் 'சிவபாக்கியம்', உங்கள் பிறப்புப் பத்திரத்தில் தாயின் பெயராக இருப்பது மூன்றாவது எழுத்துக்கூட்டல். விவாகம் கோயிலில் நடந்து, பதிவு நாலு வருடம் பிந்தியிருக்கிறது, அதுவும் அண்ணா பிறந்த பிறகு. எங்கள் தலைமுறையில் இது எல்லா வீட்டிலும் உள்ளது. கனடா அதிகாரிக்கு அது தெரியாது, நீங்கள் யாருடைய மகள் என்றுதான் அவர் முதலில் பார்ப்பார். மூன்று பெயரும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி ஒன்றை அம்மா சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் வதிவுச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைக்க வேண்டும். இரண்டும் அம்மா தானே படியிறங்கிப் போய்ச் செய்கிற அலுவல்கள். வெள்ளிக்கிழமை போகவேண்டாம் என்று சொல்லுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் ஆளிருக்காது.